சூறாவளி வரும்போது கப்பல் துறைமுகத்தில் நிற்பதா, கடலுக்குப் போவதா?

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் மலையகத்தில் நமக்கு முதலில் வருவது மழையும் மண்சரிவு எச்சரிக்கையும்தான். வானொலியில் பதுளை, நுவரெலியா, கண்டி என்று மாவட்டங்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதே செய்தியில் மீனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும் என்றும் சொல்வார்கள். தமிழகச் செய்தியையும் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வரி காதில் விழும்: சென்னைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஆழ்கடலுக்கு அனுப்பப்பட்டன. சின்னப் படகைக் கரைக்கு வா என்கிறார்கள், பெரிய கப்பலைக் கடலுக்குப் போ என்கிறார்கள். அட்டனிலோ பண்டாரவளையிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகளுக்கோ இது ஆரம்பத்திலேயே விளங்க வேண்டிய விஷயம்.

சுருக்கமான பதில் இது. நல்ல எஞ்சினும் போதிய நேரமும் உள்ள பெரிய கப்பல் கடலுக்குப் போவதே நல்லது. ஆனால் அது சூறாவளியைத் தாங்கிப் பார்க்கப் போவதில்லை, விலகிப் போகத்தான் போகிறது. “கப்பலுக்குக் கடல்தான் பாதுகாப்பு” என்று பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை.

கட்டி வைத்த கப்பல்

துறைமுகத்துக்குள் அலை குறைவு. அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. பிறகு ஏன் அங்கே நிற்கக் கூடாது? முதற் காரணம் காற்று.

300 மீற்றர் நீளமான ஒரு கொள்கலன் கப்பலை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்திலிருந்து மேலடுக்குக் கொள்கலன் வரை 30 மீற்றர் உயரம் என்றால் அதன் பக்கச்சுவர் 9,000 சதுர மீற்றர். நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலைகள் நாலைந்தை இடைவெளியில்லாமல் வரிசையாக வைத்து, அதன்மேல் இன்னொரு வரிசையை அடுக்கினால் எப்படியோ அப்படி. மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் கிட்டத்தட்ட 48 கிலோ எடையளவு அழுத்தம் கொடுக்கும். மொத்தமாகக் கப்பலைத் தள்ளும் விசை சுமார் 430 தொன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே 200 கிலோமீற்றர் வேகத்தில் அது 1,700 தொன்னைத் தாண்டிவிடும்.

இதைப் பிடித்து நிறுத்துவது எது? இந்த அளவுக் கப்பலின் கட்டுக்கயிறு ஒன்று அறுபடும் எல்லை ஏறத்தாழ 100 தொன். பன்னிரண்டு முதல் பதினாறு கயிறு வரை போடுவார்கள். கணக்குப் பார்த்தால் போதும் போலத் தோன்றும், ஆனால் எல்லாக் கயிறும் ஒரே அளவில் பாரம் எடுப்பதில்லை. கப்பலின் நீளப்போக்கில் போகும் கயிறுகள் பக்கக் காற்றை எதிர்ப்பதில்லை. கயிற்றைச் சுற்றிவைக்கும் வின்ச்சின் பிரேக், கயிறு அறுவதற்கு முன்பே வழுக்கிக் கொடுக்கும்படி அதன் பலத்தில் 60 வீதமளவில்தான் அமைக்கப்பட்டிருக்கும். மிக இறுக்கமாக நிற்கும் கயிறு முதலில் போகும், அதன் பாரம் பக்கத்துக் கயிற்றில் ஏறும், பிறகு அதுவும் போகும். அறுந்து திரும்பி வீசும் கயிறு அருகில் நிற்கும் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் போய்ப் புதுக் கயிறு போடவும் முடியாது. இழுவைப்படகு வைத்துத் தள்ளிப்பிடிக்கலாம்தான். ஒரு நல்ல இழுவைப்படகின் இழுவிசை 50 முதல் 70 தொன் வரை. ஒரு துறைமுகத்தில் அப்படி எத்தனை இருந்துவிடப் போகிறது?

இரண்டாவது காரணம் நீர்மட்டம். சூறாவளியின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்று உயரும், அழுத்தம் ஒரு ஹெக்டோபஸ்கல் (காற்றழுத்த அளவு) குறைய ஒரு சென்றிமீற்றர் வீதம். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், காற்று தண்ணீரைக் கரைநோக்கித் தள்ளிக் குவிப்பது. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் கடல் எட்டு மீற்றருக்கு மேல் ஏறியது. கட்டிய கப்பலோடு கடல் உயர்ந்தால் கயிறுகள் விறைத்துப்போகும். தளர்த்திவிட்டாலோ கப்பல் ஆடி மேடையில் மோதும். இன்னும் ஏறினால் மேடையின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். 1969 ஓகஸ்ட்டில் கமீல் சூறாவளிக்கு அதே கரையின் கல்ஃப்போர்ட் துறைமுகத்தில் நின்ற மூன்று சரக்குக் கப்பல்கள் கரையேறிக் கிடந்தன. நம் பக்கத்தில் அகலமான ஆழமற்ற கடல் இருப்பது வடக்கே, பாக்கு நீரிணைப் பகுதியில். நம் முன்னோர் பலர் கப்பலேறிய தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு கடல் கொண்டுபோனதற்கு இந்த நீரேற்றமே காரணம்.

இதோடு சேர்த்து, துறைமுகத்தில் நம் கப்பல் மட்டும் நிற்பதில்லை. பக்கத்துக் கப்பல் கயிறறுத்து வந்து மோதலாம். கரையில் நிற்கும் பாரந்தூக்கி சரியலாம். 2003 செப்டெம்பரில் மேமி சூறாவளியின்போது தென்கொரியாவின் பூசானில் பாரிய பாரந்தூக்கிகள் சரிந்து விழுந்தன. துறைமுக அதிகாரி கப்பல்களை வெளியே அனுப்புவதில் அவருடைய சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. நுழைவாயிலில் ஒரு கப்பல் மூழ்கினால் மாதக்கணக்கில் முழுத் துறைமுகமும் மூடிக் கிடக்கும்.

பழைய பாடப்புத்தக உதாரணம் பசிபிக் கடலில் உள்ள சமோவாவின் ஆப்பியா. 1889 மார்ச் 15, 16ஆம் திகதிகளில் அந்தச் சிறிய துறைமுகத்தில் மூன்று அமெரிக்க, மூன்று ஜேர்மன், ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் நின்றன. காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானி இறங்கிக்கொண்டே போனது. தீவு யாருக்கு என்ற இழுபறியில் யாரும் முதலில் வெளியேற விரும்பவில்லை. கடைசியில் பிரித்தானியரின் கலியோப் மட்டும் நங்கூரத்தை விட்டுவிட்டு, எஞ்சினை முழுவேகத்தில் ஓட்டி, காற்றுக்கு எதிரே ஆள் நடக்கும் வேகம்கூட இல்லாமல் ஊர்ந்து வெளியேறியது. மற்ற ஆறும் பவளப்பாறையிலும் கரையிலும் ஏறின. நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

நங்கூரம் போட்டு வெளியில் நிற்பது

துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, கரைக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டு நிற்போமே என்பதுதான் மூன்று வழிகளிலும் மோசமான வழி. எங்கள் கணிப்பில் இதை ஒரு வழியாகவே எண்ணக் கூடாது.

நங்கூரம் தன் எடையால் கப்பலைப் பிடிப்பதில்லை. நீளமான சங்கிலி கடலடியில் படிந்து கிடந்து, இழுவை கிடையாக வரும்போது நங்கூரத்தின் கொழு மண்ணில் புதைந்து பிடிக்கிறது. சங்கிலியை ஆழத்தைப்போல ஆறு மடங்குக்குக் குறையாமல் விட வேண்டும். ஒரு ‘ஷேக்கிள்’ சங்கிலி 27.5 மீற்றர்; 25 மீற்றர் ஆழத்தில் ஆறு ஷேக்கிள் என்றால் 165 மீற்றர். பேரலை வந்து கப்பலின் முன்பக்கத்தைத் தூக்கும்போது அந்தச் சங்கிலி முழுதும் தரையை விட்டு எழும்பும், இழுவை மேல்நோக்கி மாறும், நங்கூரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப்பின் அது வெறும் இரும்புதான்.

கப்பலுக்கு எவ்வளவு பெரிய நங்கூரம் வேண்டும் என்பதை, கப்பல்களின் தரத்துக்குச் சான்று கொடுக்கும் வகைப்படுத்தல் சங்கங்களின் பொது விதி தீர்மானிக்கிறது. அந்த விதி எடுத்துக்கொள்ளும் காற்று விநாடிக்கு 25 மீற்றர், அதாவது மணிக்கு 90 கிலோமீற்றர். அதுவும் அலை மறைவான இடத்தில். திறந்த கடலில் இரண்டு மீற்றர் அலை இருந்தால் அதே நங்கூரத்துக்குச் சொல்லப்படும் காற்று விநாடிக்கு 11 மீற்றர் மட்டுமே. சூறாவளிக்காக யாரும் நங்கூரம் செய்யவில்லை.

2012 ஒக்டோபர் 31ஆம் திகதி நீலம் புயலில் சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற ‘பிரதிபா காவேரி’ எண்ணெய்க்கப்பல் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரைதட்டியது. கப்பல் உடையவில்லை. ஆனால் மாலுமிகள் சிலர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள், அது கவிழ்ந்து உயிர்கள் போயின. 2021 மே மாதம் தௌக்தே சூறாவளியில் மும்பைக்கு வெளியே எண்ணெய் வயலில் நங்கூரங்களில் நின்ற பி-305 என்ற தங்குமிடப் பாதைப்படகில் 261 பேர் இருந்தார்கள். அதற்குச் சொந்த எஞ்சின் கிடையாது. நங்கூரங்கள் போனதும் அது மிதந்து மோதி மூழ்கியது. 2007 ஜூன் 8ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் நியூகாசிலில் நிலக்கரிக்குக் காத்துநின்ற ‘பாஷா பல்கர்’ என்ற கப்பல் நேரத்தோடு நங்கூரம் தூக்காததால் கரையேறியது. அங்கே வந்தது சூறாவளிகூட இல்லை, ஒரு கடும் தாழமுக்கம்தான்.

கடலில் என்ன லாபம்

ஆழ்கடலில் அலை பெரிதாக இருந்தாலும் நீளமாக இருக்கும், கப்பல் ஏறி இறங்கும். ஆழம் குறைந்த இடத்தில் அதே அலை செங்குத்தாகி உடையும். ஆனால் அதைவிடப் பெரிய லாபம் இடம். கடலில் மோதுவதற்கு ஒன்றுமில்லை. எஞ்சின் இரண்டு மணி நேரம் நின்றாலும் கப்பல் மிதந்துகொண்டிருக்கும். கரைக்கு ஐந்து மைலில் நின்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

வேகத்தையும் பாருங்கள். வங்காள விரிகுடாச் சூறாவளி பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். சுற்றும் காற்றின் வேகம் வேறு, முழுச் சூறாவளியும் நகரும் வேகம் வேறு. ஒரு சாதாரணச் சரக்குக் கப்பல் மணிக்கு 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீற்றர் போகும். ஒரு நாள் முந்திக் கிளம்பினால் 360 கடல் மைல் தள்ளிப் போயிருக்கலாம்.

எந்தப் பக்கம் போவது? நம் வடகோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றும். அது நகரும் திசையை நோக்கி நின்றால் வலப்பாதி ஆபத்தான பாதி. அங்கே சுழலும் காற்றோடு நகரும் வேகமும் கூடுகிறது, காற்றும் கப்பலைச் சூறாவளியின் பாதைக்குள்ளேயே தள்ளுகிறது. இடப்பாதியில் வேகம் கழிகிறது, காற்று பின்பக்கமாகத் தள்ளிவிடும். மையம் எங்கே என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. காற்றை முகத்தில் வாங்கி நின்றால் மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றே பின்னால் இருக்கும். (இதை ரம்பொடையிலோ எல்ல இடைவெளியிலோ நின்று சோதிக்க வேண்டாம். மலை காற்றைத் திருப்பிவிடும். திறந்த கடலில்தான் இது சரிவரும்.) நின்ற இடத்தில் காற்றின் திசை வலஞ்சுழியாக மாறிக்கொண்டு போனால் கப்பல் ஆபத்தான பாதியில் இருக்கிறது. அப்போது காற்றை வலது முன்பக்கத்தில் வைத்து இயன்ற வேகத்தில் விலக வேண்டும். இடஞ்சுழியாக மாறினால் காற்றை வலது பின்பக்கத்தில் வைத்து ஓட வேண்டும். திசை மாறாமல், பாரமானி மட்டும் இறங்கினால் மையம் நேரே உங்களை நோக்கி வருகிறது. அப்போதும் காற்றை வலது பின்பக்கத்துக்குக் கொண்டுவந்து இடப்பாதிக்குள் ஓடுவதுதான் வழி.

தமிழகத் துறைமுகங்களில் கம்பத்தில் ஏற்றும் எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகளும் இதே கணக்கைத்தான் சொல்கின்றன. ஒன்றும் இரண்டும் தூரத்தில் ஏதோ இருக்கிறது என்பதற்கு. மூன்று, நான்கு துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம் என்பதற்கு. ஐந்து என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரைகடக்கும். ஆறு என்றால் வலப்பக்கம் விட்டு. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ. எட்டு, ஒன்பது, பத்து அதே வரிசை, கடும் புயலுக்கு. பதினொன்று வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டால் ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாது. ஆறாம் கூண்டு ஏறிய துறைமுகம் ஆபத்தான பாதியில் இருக்கிறது. அங்கே காற்று கடலைக் கரைக்குள் தள்ளும்.

முன்னறிவிப்பு பிழைக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாலுமிகள் பின்பற்றும் விதி எளியது. மணிக்கு 34 கடல் மைல் காற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று அறிவிப்பு சொல்கிறதோ, அதோடு 24 மணி நேர முன்னறிவிப்புக்கு 100 கடல் மைல், 48 மணி நேரத்துக்கு 200, 72 மணி நேரத்துக்கு 300 சேர்த்து வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் நுழையாதே.

இலங்கைக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் உண்டு. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது மிக அரிது. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் அங்கே மிகக் குறைவு. (2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கருகே உருவான வாமெய் இதற்கு விலக்கு.) கொழும்பு ஏழாம் பாகைக்குச் சற்றுக் கீழே. தெற்கே சுமார் 120 கடல் மைல், எட்டு மணி நேர ஓட்டம், போனால் ஐந்தாம் பாகை. அம்பாந்தோட்டையிலிருந்து இன்னும் குறைவு. கிழக்கிலிருந்து மேற்கே வரும் சூறாவளிக்குத் தெற்குப் பக்கம்தான் இடப்பாதி என்பதால் இரண்டு வகையிலும் தெற்கே ஓடுவது பொருந்துகிறது. திருகோணமலையின் நிலைமை வேறு. மலை சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் என்றாலும், 1964இலும் 1978இலும் சூறாவளி வந்த அதே கிழக்குக் கரையில் அது இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கப்பல் தெற்கே திரும்பும்போது சூறாவளியின் பாதையைக் குறுக்கே கடக்க நேரலாம், எனவே இன்னும் முந்தியே முடிவெடுக்க வேண்டும்.

கடலுக்குப் போயும் போனவர்கள்

2012 ஒக்டோபர் 25ஆம் திகதி ‘பவுண்டி’ என்ற மரப் பாய்க்கப்பல் சாண்டி சூறாவளி வருவது தெரிந்தே அமெரிக்காவின் நியூ லண்டனிலிருந்து கிளம்பியது. கப்பலுக்குத் துறைமுகத்தைவிடக் கடல் பாதுகாப்பு என்பது அதன் கப்டனின் நம்பிக்கை. நான்கு நாளில் கப்பல் மூழ்கியது. ஒரு மாலுமி இறந்தார், கப்டன் கிடைக்கவே இல்லை. பழைய மரக்கப்பல், தண்ணீர் ஊறும் அடிப்பாகம், வேகமும் இல்லை. விலகிப்போக முடியாத கப்பலுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது.

‘எல் ஃபாரோ’ வேறு வகை. 240 மீற்றர் நீளம், நல்ல வேகம். 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி பஹாமாஸ் அருகே வாகீன் சூறாவளிக்குள் போய் 33 பேரோடு மூழ்கியது. கப்டன் பெரிதும் நம்பிய வானிலைப் படம் பல மணி நேரம் பழையது. திறந்திருந்த ஒரு சிறு மூடி வழியாகக் கிடங்குக்குள் தண்ணீர் போனது, கார்கள் கட்டவிழ்ந்தன, கப்பல் சரிந்தது. சரிந்ததும் எஞ்சினுக்கான மசகெண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமல் போனது; எஞ்சின் நின்றது. தொட்டியில் எண்ணெய் அளவும் குறைவாக இருந்தது. இவ்வளவு பெரிய கப்பலை நிறுத்தியது சில அங்குல எண்ணெய்.

1944 டிசம்பர் 18ஆம் திகதி பிலிப்பைன்ஸ் கடலில் அமெரிக்கக் கடற்படையின் மூன்று நாசகாரிக் கப்பல்கள் கவிழ்ந்து, மொத்தம் 790 பேர் அளவில் இறந்தார்கள். அவற்றில் ‘ஸ்பென்ஸ்’ என்ற நாசகாரியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, காலித் தொட்டிகளில் நேரத்தோடு கடல்நீர் நிரப்பவில்லை. அடிப்பாரம் குறைந்தால் கப்பல் சாய்ந்து நிமிராது.

இதனால்தான் கிளம்பும் முன் செய்யும் வேலை நீளமானது. அடிப்பாரத் தொட்டிகள் முழுதாக நிரம்பியோ முழுதாகக் காலியாகவோ இருக்க வேண்டும். அரைகுறைத் தொட்டியில் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடிக் கப்பலை மேலும் சாய்க்கும். கிடங்கு மூடி, காற்றுக்குழாய், கதவு எல்லாவற்றையும் இறுக்கி மூடி, மூடியதை ஆள் போய்க் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நங்கூரச் சங்கிலி இறங்கும் துளையை அடைக்க வேண்டும். கொள்கலன்களின் கட்டுக்கம்பிகளையும் திருகுபூட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். மசகெண்ணெயை மேல் அளவுவரை நிரப்ப வேண்டும். எரிபொருள் வடிகட்டிகளுக்கு மாற்று கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கப்பல் ஆடும்போது தொட்டியின் அடிக்கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். சூறாவளியில் எஞ்சின் நிற்க இதுவும் ஒரு சாதாரணக் காரணம்.

நேரம்தான் எல்லாவற்றிலும் இறுக்கம். மூன்று நாள் முன்பே யோசிக்கத் தொடங்கி, இரண்டு நாள் இருக்கும்போது சரக்கு வேலையை நிறுத்த முடிவெடுத்து, காற்று ஏறுமுன் வெளியேறிவிட வேண்டும். கப்பலைத் துறைமுக வாசல் தாண்டி நடத்தும் வழிகாட்டியை ஏற்றி இறக்கும் படகு அலையில் ஓட முடியாத நிலை வந்தால் வாசல் மூடியதற்குச் சமம். எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் கப்பல், மிக மெதுவான கப்பல், நேரம் தவறிய கப்பல் ஆகியவை உள்ளேயே நிற்பதுதான் நல்லது. கயிறுகளை இரட்டிப்பாக்கி, கொள்கலன் உயரத்தைக் குறைத்து, தொட்டிகளை நிரப்பிக் கப்பலைத் தாழ்த்தி, எஞ்சினைத் தயாராக ஓடவிட்டு நிற்க வேண்டும். டித்வா 2025 நவம்பர் கடைசியில் நம் கரைக்கு அருகிலேயே உருவானது. அப்படி வரும் சூறாவளி யோசிக்க மூன்று நாள் தராது.

மீன்பிடிப் படகுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பலநாள் படகின் வேகம் சூறாவளியின் வேகத்தை ஒத்தது. அதன் உயரத்துக்கு ஐந்து மீற்றர் அலையே கவிழ்க்கப் போதும். அதற்குக் கரைதான் இடம், அதுவும் திறந்த கரையல்ல: களப்பு, ஆற்றுவாய், கண்டல்காட்டின் மறைவு. நீர் ஏறுவதற்கு இடம்விட்டு நீளக் கயிறாகக் கட்டி, ஆட்கள் இறங்கிவிட வேண்டும். கண்ணாடியிழைப் படகுகளை மேட்டுக்கு இழுத்து எஞ்சினைக் கழற்றிவிடுவது வழக்கம்.

சூறாவளி கடந்த பிறகும் கப்பல்கள் உடனே உள்ளே வருவதில்லை. நுழைவாயிலில் மணல் ஒதுங்கியிருக்கிறதா, கொள்கலனோ படகோ மூழ்கிக் கிடக்கிறதா, மிதவைகள் தங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று ஆழம் அளந்து பார்த்த பிறகே வாசல் திறக்கும். கடலின் பெரிய அலையெழுச்சி அடங்க இன்னும் ஓரிரு நாள் ஆகும். அதுவரை கொழும்பில் ஏற்றுமதிக்கு அடுக்கிய தேயிலைக் கொள்கலன்களும் காத்துக் கிடக்கும்.